மாலை போட்டால் விட முடிகிறது, தனக்காக என்றால் ஏன் முடிவதில்லை?

கேள்வி | நவம்பர் 17, இரவு 9:40

நேற்று கார்த்திகை முதல் நாள். என் தம்பி சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டான். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பவன். நேற்றுக் காலையிலிருந்து தொடவில்லை, மலைக்குப் போய்வரும்வரை தொடவும் மாட்டான். ஆண்டுதோறும் இதே கதைதான். ஆனால் சித்திரை ஒன்றாம் தேதி "இன்றோடு விட்டேன்" என்று தனக்குத் தானே செய்துகொள்ளும் சத்தியம் மட்டும் சாயங்காலம் விளக்கு வைக்கும்வரைகூடத் தாங்குவதில்லை. அதே ஆள், அதே சிகரெட். தனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற என்னதான் பயிற்சி வேண்டும்?

பதில் | நவம்பர் 17, இரவு 10:25

பயிற்சி என்று தொடங்கினாலே தம்பிக்கு மன உறுதி இல்லை என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். குளிர்ந்த நீரில் விடியுமுன் குளிக்கிறார், செருப்பில்லாமல் நடக்கிறார், பாயில் படுக்கிறார், புகையையும் விட்டுவிட்டார். உறுதியில்லாதவரா இவர்?

நானும் சில ஆண்டுகள் மாலை போட்டவன், புகைத்தவனும்கூட. எனக்குத் தோன்றியது இதுதான்: தனக்குத் தானே கொடுக்கும் வாக்கில் கடன் கொடுத்தவனும் நான், வாங்கியவனும் நான், தள்ளுபடி செய்பவனும் நான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடன்காரன் வந்து கையைப் பிசைந்தால் உடனே தள்ளுபடி. சண்டை இல்லை, சாட்சி இல்லை, வட்டியும் இல்லை. மாலை போட்டவுடன் கடன் கொடுத்தவர் மாறிவிடுகிறார்.

யாராக மாறுகிறார்? சாமியாக என்று பக்தர்கள் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் பெட்டிக்கடைக்காரராக. எங்கள் தெருமுனைக் கடையில் லைட்டரை ஒரு சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். என் தலை தெரிந்ததும் கடைக்காரர் கேட்காமலே ஒரு சிகரெட்டை எடுத்துக் கண்ணாடிப் புட்டியின் மூடிமேல் வைப்பார். கறுப்பு வேட்டியும் துளசிமணியுமாகப் போய் நின்ற முதல் நாள், அந்த லைட்டரை எடுத்துக் கடைக்கு உள்பக்கமாகப் போட்டுவிட்டு, "சாமி, பால் போடச் சொல்லவா?" என்றார். நான் கெஞ்சிக் கேட்டிருந்தாலும் அன்றைக்கு அவர் சிகரெட் கொடுத்திருக்கமாட்டார். என் உறுதியைத் தெருவே தூக்கிக்கொண்டு போயிற்று.

நவம்பர் 18, காலை 7:05

41 நாளா, 48 நாளா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். மலையின் மண்டல விரதம் 41 நாள். கார்த்திகை முதல் நாள் தொடங்கி மண்டல பூஜையோடு முடியும். நம் பக்கம் ஒரு மண்டலம் என்றாலே 48 என்று எண்ணுபவர்கள் அதிகம். மகரவிளக்குக்குப் போகிறவர்கள் ஏறத்தாழ இரண்டு மாதம் மாலையோடு இருப்பார்கள். இன்னொரு பக்கம், மூன்று நாள் முன்னால் போட்டுக்கொண்டு வேனில் ஏறுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி குருசாமிகள் பேசுவதை இங்கே எழுத முடியாது.

நவம்பர் 18, இரவு 11:10

"21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்" என்று அடித்துச் சொல்கிற நண்பருக்கு.

அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், முகத்தைச் சீரமைக்கும் அறுவை செய்பவர், 1960-இல் எழுதியது. அறுவைக்குப் பிறகு புது முகம் நோயாளிக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாளாவது ஆகிறது என்பது அவர் கண்டது. மூக்கு பழகுவதற்கான கணக்கை விடியற்காலையில் எழுவதற்கும் கடன் வாங்கிவிட்டார்கள். "குறைந்தது" என்ற சொல்லும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

உண்மையில் எண்ணிப் பார்த்தவர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலி. 96 பேரிடம், உணவோடு ஒரு பழம், சாப்பாட்டுக்கு முன் சிறிது ஓட்டம் என்பதுபோன்ற ஒரு சிறு செயலை 12 வாரம் செய்யச் சொல்லிப் பார்த்தார். தன்னிச்சையாக நடக்கும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை விரிந்தது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணித்துச் சொன்னவை). இந்த வீச்சைப் பார்த்த பிறகு யாராவது ஒரே எண்ணைச் சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

இதைவிட விசித்திரம், மாலை போட்டவர் விஷயத்தில் இந்தக் கணக்கே கவிழ்ந்துவிடுகிறது. நிகோடின் இல்லாத உடல் தவிப்பு முதல் சில நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதாவது இருமுடி கட்டும் நேரத்தில் உடல் கேட்கவில்லை. 18 படி ஏறி, நெய்யபிஷேகம் முடிந்து, வீட்டுவாசலில் தேங்காய் உடைத்து, அம்மா கையால் மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கை ஏன் சிகரெட்டுக்குப் போகிறது?

போகிற இடம் அதே இடம் என்பதால். கடைக்காரர் லைட்டரை மறுபடி வெளியே தொங்கவிட்டுவிட்டார். வியட்நாம் போரின்போது அமெரிக்க வீரர்கள் பலர் ஹெராயினுக்கு அடிமையானார்கள். 1971-இல் தொடங்கி அவர்களைப் பின்தொடர்ந்து விசாரித்த லீ ராபின்ஸ், ஊர் திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் மீண்டும் அடிமையாகவில்லை என்று கண்டபோது யாரும் நம்பத் தயாராக இல்லை. அவர்கள் விட்டுவந்தது போதைப்பொருளை மட்டுமல்ல, அந்த இடத்தையும் கூட்டாளிகளையும்தான். நம் சாமிகள் இரண்டு மாதம் வேறொரு ஆளாக வாழ்ந்துவிட்டு, பழைய தெருவுக்கே பழைய ஆளாகத் திரும்புகிறார்கள்.

நவம்பர் 20, மாலை 6:15

பகுத்தறிவு நண்பர் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எல்லாம் சாமி கண்ணைக் குத்திவிடும் என்ற பயம்."

பயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பயம் மட்டும் என்றால் கோயிலில் கற்பூரம் அடித்துச் செய்கிற சத்தியமும் நிற்கவேண்டுமே! பக்கத்து வீட்டு அண்ணன் மது விஷயத்தில் அடித்த கற்பூரத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு திருவிழா நடத்தலாம். அதே சாமி, அதே பயம். கற்பூரம் அணைந்ததும் எதுவும் கழுத்தில் தொங்குவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ரமலானில் விடியலிலிருந்து மாலைவரை தண்ணீர்கூடத் தொடாத என் அலுவலக நண்பர், மற்ற மாதங்களில் மருத்துவர் குறைக்கச் சொன்ன டீயைக் குறைக்க முடியவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தவக்காலத்தில் நாற்பது நாள் இறைச்சி விடும் குடும்பங்களிலும் கேட்டுப் பாருங்கள்.

சாமியே இல்லாமலும் நடக்கும். பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ தீவில் ஒரு வங்கி இதைச் செய்து பார்த்தது. புகைப்பவர் தன் பணத்தைத் தானே போட்டுவைக்கிறார். ஆறு மாதம் கழித்துச் சிறுநீரைச் சோதிப்பார்கள். நிகோடின் தடயம் இருந்தால் அத்தனை பணமும் தொண்டுக்குப் போய்விடும். இந்த வாய்ப்பு கொடுக்கப்பட்டவர்கள், கொடுக்கப்படாதவர்களைவிட 3 சதவீதப் புள்ளி அதிகமாகச் சோதனையில் தேறினார்கள். சின்ன எண் என்று சிரிக்காதீர்கள். கையெழுத்துப் போட்டவர்களே 11 சதவீதம்தான். பன்னிரண்டாம் மாதம் சொல்லாமல் போய்ச் சோதித்தபோதும் அந்த வித்தியாசம் நின்றது. 2010-இல் வெளிவந்த ஆய்வு இது.

எனக்கு உறுத்துவது மீதி 89 சதவீதம். நல்ல கயிறு கிடைத்தும் கட்டிக்கொள்ள ஆள் வரவில்லை. மாலைக்கு மட்டும் ஊர் ஊராக வருகிறார்கள். பணத்தை இழப்போம் என்று மிரட்டுகிற கயிற்றைவிட, "சாமி" என்று கூப்பிட்டு வழிவிடுகிற கயிறு இதமாக இருக்கிறது போலும்.

நவம்பர் 20, இரவு 8:50

இல்லை, எங்கள் தெருக் கடைக்காரரின் முகவரி தரமாட்டேன். அவருக்கும் வியாபாரம் நடக்கவேண்டும்.

நவம்பர் 23, இரவு 10:40

தூத்துக்குடி அக்கா கேட்டது ஒரே வரி: "நீங்கள் விரதம் இருந்தீர்கள் சரி, விடிகாலை நாலு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தது யார்?"

இதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தவள் தலைநிமிரவில்லை. "என் டைப்ரைட்டிங் வகுப்பு எந்த மாதத்தில் நின்றது என்று அந்த அக்காவிடம் சொல்லுங்கள்" என்றாள்.

சொல்கிறேன். ஆங்கிலத் தட்டச்சில் இளநிலை முடித்தவள், முதுநிலை எழுதவேண்டும் என்று தனக்குத் தானே வைத்துக்கொண்ட ஆசை. நிமிடத்துக்கு 45 சொல் வேகம் வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு வரும். எங்கள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஒரு நிலையம், காலை ஆறு மணி வகுப்பு. பழைய மெஷின்கள்தான். சுண்டுவிரலால் 'ஏ' எழுத்தை அழுத்தும்போது தாளில் பாதிதான் பதியும். அந்தச் சுண்டுவிரலுக்குத்தான் மாதக்கணக்கில் பயிற்சி. பிப்ரவரித் தேர்வுக்குக் கார்த்திகை, மார்கழியில் கை ஓடியாகவேண்டும். அந்த இரண்டு மாதமும் வீட்டில் ஒரு சாமி. குளித்துவிட்டுத்தான் சமையல், பழையது ஆகாது, வெளிச்சாப்பாடு ஆகாது, சாயங்காலம் பஜனைக்குப் பத்துப் பேருக்குச் சுண்டல். ஆறு மணி வகுப்புக்கு யார் போவது?

சுயக் கட்டுப்பாடு என்று நாம் கைதட்டுவதில் பெரும்பகுதி, வீட்டில் இன்னொருவருடைய நேரம். என் வாக்கு நிற்பதற்காக அவள் வாக்கு நின்றுபோனது. அவளுக்கு உறுதி குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல், மாமியாருக்குக் கண் அறுவை, நாத்தனார் வீட்டு வளைகாப்பு என்று ஒவ்வொரு முறையும் வகுப்பை நிறுத்தியது வெளியிலிருந்து வந்த ஒன்று. அவள் பழுதுபார்க்க வேண்டியது மனதை அல்ல. ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே அந்த வீட்டை.

முதல் நாள் நான் எழுதியதை இங்கே சற்று நீட்டிக்கொள்கிறேன். கடன் கொடுத்தவர் மாறுவது பாதிதான். மாலை போட்டால் வீட்டு அட்டவணையும் மாறுகிறது. யாரும் சாமியை எட்டரை மணிக்குக் கடைக்கு அனுப்புவதில்லை, கல்யாண விருந்துக்கு வற்புறுத்துவதில்லை, மாமா "ஒன்றே ஒன்று" என்று நீட்டுவதில்லை. டைப்ரைட்டிங் படிக்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு மாலை இல்லை.

நவம்பர் 24, காலை 6:30

"அப்படியானால் மனைவிக்கும் ஒரு மாலை போட்டுவிடுங்கள்" என்று கேலி செய்தவருக்கு: கேலியாகச் சொன்னாலும் வழி அதுதான். வரும் பிப்ரவரிக்குப் பணம் கட்டியாயிற்று. ரசீதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாள். ஆறிலிருந்து ஏழுவரை அவளை யாரும் கூப்பிடக்கூடாது என்பது சட்டம். என் இட்லி கல்லாகத்தான் வருகிறது. மகன் குறைசொல்கிறான். சொல்லட்டும்.

நவம்பர் 27, இரவு 9:20

மறுபடி கேள்வி கேட்டவரிடம் வருகிறேன். தம்பி நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்கிறீர்கள்.

மாலையின் பலமும் ஆபத்தும் இதில்தான். "இன்று மட்டும்" என்று பேரம் பேச இடமே இல்லாததால் மனது பேரத்தைத் தொடங்குவதில்லை. தினம் பத்து முறை முடிவெடுக்கிற வேலை மிச்சம். ஆனால் ஒரு முறை உடைந்துவிட்டால் "போனது போயிற்று" என்று மொத்தமும் சரிந்துவிடும். 1975-இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மாக் இருவரும் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முதலில் மில்க் ஷேக் குடிக்கவைத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்து வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள், வயிற்றில் ஏற்கெனவே இறங்கியதற்கு ஏற்பக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்கள்தான் மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இன்றைய கணக்கு கெட்டுவிட்டது, இனி எதற்கு நிறுத்துவது?

லாலியின் ஆய்விலும் ஒரு செய்தி உண்டு, யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்குப் பழக்கம் உருவாவதில் பெரிய சேதம் எதுவும் ஏற்படவில்லை. நாட்காட்டியில் தொடர்ச்சியாகக் கட்டம் போட்டு, ஒரு கட்டம் விட்டதும் நாட்காட்டியையே கிழிப்பவர்கள் இதைப் படிக்கவேண்டும்.

எங்கள் குருசாமி படித்ததில்லை, ஆனால் தெரிந்திருந்தார். கன்னிசாமி ஒருவன் கல்யாண வீட்டில் குஸ்கா என்று நினைத்து ஏதோ சாப்பிட்டுவிட்டான். நடுவில் எலும்பு தட்டுப்பட்டதும் அழுதுகொண்டே ஓடிவந்தான், மாலையைக் கழற்றிவிடுங்கள் என்று. குருசாமி வெற்றிலையை மென்றபடியே, "போய்க் குளி, நூற்றெட்டுச் சரணம் சொல், சாயங்காலம் பஜனைக்கு ஜமுக்காளம் விரிக்க ஆள் இல்லை, சீக்கிரம் வா" என்றார். பையன் விரித்தான், மலைக்கும் வந்தான். தவறியவனைத் தண்டிக்காமல் உடனே அடுத்த வேலையில் மாட்டிவிட்டதை நான் இன்றும் வியக்கிறேன். தனக்குத் தானே வாக்குக் கொடுக்கிறவனுக்கு இந்த குருசாமியையும் சேர்த்து யார் கொடுப்பது? தவறியபின் என்ன செய்வது என்பதையும் வாக்கோடு சேர்த்தே எழுதிவைத்துவிட வேண்டும், தவறுவதற்கு முன்னாலேயே. தவறிய பிறகு எழுதினால் அது சாக்குப்போக்காகிவிடும்.

டிசம்பர் 2, மதியம் 1:30

"இதெல்லாம் வெளிக்கட்டு, உள்ளிருந்து வரவேண்டாமா?" என்று நீண்ட பதில் எழுதிய ஐயாவுக்கு மரியாதையோடு.

தன்னை வெளியிலிருந்து கட்டிக்கொள்ளத் தெரிவதும் உள்ளிருந்து வருவதுதான். சென்னையில் மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டுநர்கள் 229 பேரிடம் பிராங்க் ஷில்பாக் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மூன்று வாரம், தினமும் மூச்சுச் சோதனை. பகலில் போதையில்லாமல் வந்தால் பணம். பகல் குடி குறைந்தது. மொத்தக் குடி பெரிதாகக் குறையவில்லை, இரவுக்கு நகர்ந்தது. இருந்தும் சேமிப்பு 50 சதவீதம் கூடியது. என்னை நிறுத்திவைத்தது வேறு. நிபந்தனையே இல்லாமல் கையில் வரும் கூடுதல் பணமா, குடிக்காமல் வந்தால் மட்டும் கிடைக்கும் பணமா என்று கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டாவதைக் கேட்டு வாங்கினார்கள். அதாவது தங்களைக் கட்டிப்போடத் தாங்களே காசு கொடுத்தார்கள். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். இவர்களுக்கு உள்ளிருந்து வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

நம் வீடுகளில் சீட்டு கட்டுவதும் இதுதான். பதிவு செய்த சீட்டில் நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம்வரை இருந்தது, 2019 திருத்தத்தில் 7 ஆக்கினார்கள். கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் சொன்னால், சேமிப்பதற்காகக் கமிஷன் கொடுப்பது பைத்தியக்காரத்தனம். ஆனால் ஏலம் எடுக்காமல் கடைசிவரை கட்டுகிற பெண்களிடம் கேட்டால் "கையில் இருந்தால் நிற்காது தம்பி" என்பார்கள். தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு நான் என்ன பாடம் எடுப்பது!

டிசம்பர் 9, இரவு 10:05

தம்பிக்கு என்ன செய்யலாம் என்று நேரடியாகக் கேட்டுவிட்டீர்கள். மாலை கழற்றும் நாளைத்தான் பார்க்கவேண்டும், அதற்குள் ஏற்பாடு முடிந்திருக்கவேண்டும். ஒரு மாதத்துக்கு டீயை வேறு கடையில் குடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கடையில் சிகரெட் இல்லாவிட்டால் நல்லது. கூட்டாளிகளிடம் மலையிலேயே, மாலை கழுத்தில் இருக்கும்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள், இறங்கியபின் சொன்னால் சிரிப்பார்கள். கெடுவை வாழ்நாள் என்று வைக்கவேண்டாம், தைப்பூசம்வரை என்று வையுங்கள். அப்புறம் பங்குனி உத்திரம்வரை. வாழ்நாளைக் கேட்டால் மனது அன்றைக்கே பேரத்துக்கு உட்கார்ந்துவிடும்.

பழக்கம் கடுமையாக இருந்தால் இதோடு நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் புகையை விட உதவும் ஆலோசனை கிடைக்கிறது. நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும், மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொள்வது தோல்வி என்று யாராவது சொன்னால் அவரை என்னிடம் அனுப்புங்கள்.

இரவு சாப்பாட்டுக்குப் பின் வரும் தவிப்புதான் எனக்குக் கடைசிவரை இருந்தது. அதற்கு ஒரு வழியும் நான் கண்டுபிடிக்கவில்லை. பல் துலக்கிவிட்டுப் படுத்துவிடுவேன்.

டிசம்பர் 14, காலை 8:10

அஞ்சலக ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் சேமிப்பு) பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், தலைப்பை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். மாதம் குறைந்தது 100 ரூபாய், 5 ஆண்டு, 60 தவணை. 15-ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்கு என்றால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்டவேண்டும், அதன்பின் தொடங்கியது என்றால் மாதக் கடைசி வேலை நாளுக்குள். தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். 4 தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும், 2 மாதத்துக்குள் நிலுவையைக் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு ரூபாய்க்கா பயப்படுகிறார்கள் என்று ஒருவர் கேட்கிறார். என் மனைவி பயப்படுவது முகவர் அக்காவுக்கு. மாதம் பத்தாம் தேதி ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு, வண்டியிலிருந்து இறங்காமலே ஹாரன் அடிப்பார்கள். பணம் எடுத்துவைக்கவில்லை என்றால் திட்டமாட்டார்கள், உள்ளே வந்து உட்கார்ந்து காபி கேட்பார்கள்.